மேஸ்திரி வீட்டுக் காப்பி

"இது இன்னாடி, காப்பியா? இல்ல தோல் ஷாப்பு குழியிலேர்ந்து மொண்டாந்த தண்ணியா?"

ரங்கம்மாள் டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் காப்பி தளும்பி அடுப்படி வரைக்கும் தெறித்தது. ஆம்பூரில் அப்போதுதான் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. அம்சவேணி கரித்துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

"கேக்கறேன் இல்ல? முன்னெல்லாம் சட்டிக்கு பதினாறு கரண்டி சர்க்கரை. அப்புறம் பத்தாச்சு, அஞ்சாச்சு. இன்னிக்கி இன்னா போட்ட? சர்க்கரை டப்பாவ சட்டிக்கு தூரத்துலேர்ந்து காமிச்சியா?"

"கல்யாணம் வருது இல்ல அண்ணி... கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்னுதான்..."

"யாரு வாயக் கட்டி யாருக்குடி கல்யாணம்? என் தம்பி பொழுதுக்கும் சுண்ணாம்பு ஆவியில வெந்து சம்பாரிக்கிறான். அவன் நாக்குக்கு இந்த வீட்டுல ஒரு இனிப்பு கெடையாதா? டின் பாலை நிறுத்தின. இப்ப சர்க்கரை. நாளைக்கி சோத்தையும் நிறுத்திடு! ஆளு எப்படி எளைச்சிப் போய்ட்டான்னு உன் கண்ணுக்குத் தெரியலயா? இல்ல, தெரிஞ்சிதான் செய்றியா?"

நாத்தனார் கேட்ட கேள்வி அது. கட்டின புருஷன் இளைப்பது பெண்டாட்டி கண்ணுக்குத் தெரியாமல் போகுமா! அம்சவேணி தலையை நிமிர்த்திக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே பக்தவச்சலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவன் காதில் எல்லாம் விழுந்தது. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். அவன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுடி, அவன் காப்பிய நானே கொண்டு போறேன்" என்று ரங்கம்மாள் இரண்டாவது டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள். தம்பிக்கு முதல் காப்பியைத் தன் கையால் கொடுப்பது அவள் வழக்கம். அதில் யாரும் குறுக்கே நிற்க முடியாது.

அம்சவேணி கொல்லைப்புறம் போனாள். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை ஒன்று அன்றைக்கு மிச்சமிருந்தது. ஜலதாரைக்குப் பக்கத்தில், புருஷன் விடியற்காலையில் ஒதுங்குகிற இடத்தில், எறும்பு மொய்த்துக் கிடந்தது. முந்தாநாள் ஒரு சாரி இருந்தது. இன்றைக்கு மூன்று சாரி. அவள் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பெருக்கிவிட்டாள்.

சர்க்கரையைக் குறைக்கக் குறைக்க எறும்பு கூடிக்கொண்டே போகிறதே... எப்படி?

நான்கு மாதத்துக்கு முன்பு முதன்முதலாக எறும்பைப் பார்த்தவளும் அவள்தான். அதற்கு முன்பே பக்தவச்சலத்துக்குத் தாகம் அடங்கவில்லை. ஒரு பானைத் தண்ணீரும் ஒரு ராத்திரிக்குப் போதவில்லை. வேலூரில் கல்யாணத்துக்குப் புடவை பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மோட்டார் பஸ் ஏறிப் போய், கோட்டைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை எடுத்து, அதில் இவனுடைய மூத்திரத்தில் சில துளி விட்டு, விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"நீரிழிவு" என்றார் டாக்டர். "சர்க்கரை, வெல்லம், டின் பால் எல்லாத்தையும் விட்டாகணும். காப்பி எவ்வளவு இனிப்பா குடிப்பீங்க?"

பக்தவச்சலம் வெட்கத்தோடு சிரித்தான். நான்கு கரண்டி சர்க்கரை, அதற்கு மேல் டின் பால், ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர். தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி அஹமது பாஷா வீட்டிலிருந்து மாதாமாதம் வரும் டின் பால் அந்தத் தெருவிலேயே மேஸ்திரியான இவன் வீட்டில் மட்டும்தான் உண்டு. கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில், கரண்டியிலிருந்து கயிறாக இறங்கும் பால். அதைக் குடிப்பது அவனுக்கு ஒரு அந்தஸ்து.

டாக்டர் அம்சவேணியைப் பார்த்துச் சொன்னார்: "ஒரேயடியா நிறுத்தினா மனுஷன் வெளியில போய்க் குடிப்பார். வாரத்துக்கு ஒரு கரண்டியா குறைச்சு வாங்க. டின் பால் மட்டும் இன்னிக்கே நிக்கணும். அவர் பாதத்தைத் தினம் பாருங்க அம்மா. இந்த வியாதிக்காரனுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்."

வெளியே வந்ததும் கோட்டை அகழி ஓரத்தில் நின்று பக்தவச்சலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணி, இது யாருக்கும் தெரியக் கூடாது. அக்காவுக்கும் தெரியக் கூடாது, நம்ம பொண்ணு செண்பகத்துக்கும் தெரியக் கூடாது. என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணு."

காரணம் இருந்தது. அவர்கள் பூர்வீகம் குடியாத்தத்தில் தறி நெய்கிற குடும்பம். பக்தவச்சலத்தின் அப்பா தறியை விட்டுத் தோல் ஷாப்புக்கு வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. அத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் குடியாத்தம் மூர்த்தி, பத்துத் தறிக்குச் சொந்தக்காரர், தன் மகனுக்குச் செண்பகத்தைக் கேட்டு வந்திருந்தார். வந்த அன்றைக்கே ஒரு விஷயத்தையும் சொல்லியிருந்தார். அவருடைய அண்ணன் நீரிழிவில் கால் அழுகிச் செத்தவர். "பொண்ணு கறுப்போ செவப்போ, அது பரவால்ல. அந்த வியாதி இருக்கற வீட்டுல மட்டும் நான் கை நனைக்க மாட்டேன்."

அம்சவேணி சத்தியம் செய்து கொடுத்தாள். மகள் வாழ்வுக்காக. அது எவ்வளவு பெரிய பாரம் என்று அப்போது தெரியவில்லை, பாவம்!

அந்த வீட்டில் காப்பிக்குச் சர்க்கரையைச் சட்டியிலேயே போட்டுவிடுவார்கள். அவனுக்கு மட்டும் குறைத்தால் ஏன் என்ற கேள்வி வரும். ஆகவே எல்லாருக்கும் குறைத்தாள். வாரத்துக்கு ஒரு கரண்டி. கல்யாணச் செலவு என்று ஒரு பொய். நாத்தனார் அந்தப் பொய்யைத் தெருக் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கை கால் முளைக்க வைத்தாள். "மவளுக்கு நகை பண்ணணும்னு புருஷன் வாயக் கட்டறா மகராசி!" தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் அம்சவேணியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ரங்கம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் இந்தக் கதையில் உள்ள கஷ்டம். அம்மாவைக் காலரா வாரிக்கொண்டு போனபோது பக்தவச்சலத்துக்கு ஆறு வயசு. ரங்கம்மாளுக்குப் பதினேழு, தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கியவள் இன்றைக்கும் இறக்கி வைக்கவில்லை. அவன் இளைப்பதைப் பார்த்து அவள் வயிறு எரிந்தது நிஜம்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஷாப்பு வைத்தியம். தோல் பதப்படுத்த ஆவாரம் பட்டையை இடிக்கிற கொட்டகையில் தூசி மேகம் போலப் பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் வாயில் ஒரு வெல்லக்கட்டியை அடக்கிக்கொண்டுதான் உலக்கையைத் தொடுவார்கள். இனிப்பு தூசியை வழித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. தோல் ஷாப்புக்காரன் எவன் இளைத்தாலும், 'பட்டைத்தூசி நெஞ்சுல எறங்கிடுச்சி, இனிப்பு குடு' என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். ஆறு வயசிலிருந்து வளர்த்த தம்பி இளைக்கிறான். வீட்டிலோ இனிப்பை நிறுத்துகிறார்கள். அவள் என்ன நினைப்பாள்?

அம்சவேணிக்கு முதலில் ஷாப்பு வெல்லத்தின் மேல்தான் சந்தேகம். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு அவளே ஷாப்புக்குப் போனாள். பக்தவச்சலம் பட்டைத் தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தான். விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, "இது பத்து நாள் பட்டை. வீரியம் போய்டுச்சி. புதுசு ரெண்டு கூடை கொட்டு" என்று ஆளிடம் சொன்னான். அந்த வட்டாரத்தில் இருபது ஷாப்பிலும் அவனைப் போல நாக்கு இருக்கிற மேஸ்திரி கிடையாது. சம்பளம் காலுக்கும் கைக்கும் இல்லை, அந்த நாக்குக்குத்தான்.

"வெல்லம் எதனா வாயில போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல வேணி. நீ சொன்னதுலேர்ந்து தொடல."

அவன் சொன்னது உண்மைதான். வெல்லத்தைத் தொடவில்லை. அப்படியானால் எறும்பு ஏன் கூடுகிறது? டாக்டர் சொன்ன வியாதி பத்தியத்துக்குக் கட்டுப்படாத ஜாதியோ? அன்று முதல் அவள் தன் சோற்றில் பாதியை நிறுத்திக்கொண்டு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். காப்பியில் தனக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று ஒதுக்கினாள். அவன் என்ன கசப்பைக் குடிக்கிறானோ, அதைவிடக் கூடுதல் கசப்பைத் தான் குடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. பெண் ஜென்மம் அப்படித்தான் கணக்குப் போடும்!

தினமும் சாயங்காலம் அவன் காலைக் கழுவித் துடைப்பாள். "பாரேன், புருஷனைப் பட்டினி போட்டுட்டு பாத பூஜையப் பாரு" என்று ரங்கம்மாள் முணுமுணுப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை வலது உள்ளங்காலைத் துடைத்தபோது துணி எங்கோ மாட்டிக்கொண்டது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு பட்டைச் சிராய், சுண்டு விரல் நீளத்துக்கு, சதைக்குள்ளே புதைந்திருந்தது. அதைச் சுற்றிச் சதை சுண்ணாம்பில் வெந்து வெள்ளையாக, அந்த வெள்ளையைச் சுற்றிக் கருப்பாக...

"வலிக்கலயா?" என்றாள் மெல்ல.

"எது?"

அவள் சிராயைப் பிடித்து இழுத்தாள். முழுதும் வெளியே வந்தது. அவன் பீடிக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தான். காலை அசைக்கக்கூட இல்லை. அம்சவேணி மஞ்சளை அரைத்து வைத்துத் துணியால் கட்டினாள்.

மறுநாள் காலை எறும்பு கொல்லையில் மட்டும் இல்லை. கூடத்துச் சுவர் ஓரமாகவும் ஒரு சாரி போய்க்கொண்டிருந்தது. சாம்பலோடு வந்தவள் அதன் பின்னாலேயே நடந்தாள். சாரி ரங்கம்மாள் படுக்கிற அறைக்குள் போனது. அவளுடைய அரிசிப் பானைக்குப் பின்னால் போய் முடிந்தது. அங்கே ஈரத்துணி சுற்றி ஒரு டின் பால். மேலே ஆணியால் அடித்த இரண்டு ஓட்டை. அதற்குப் பின்னால் காலி டின்கள்... ஒன்று, இரண்டு... ஒன்பது!

"வைடி அதை கீழ!"

வாசற்படியில் ரங்கம்மாள் நின்றிருந்தாள். கையில் தம்பிக்கு எடுத்துப் போகிற டம்ளர்.

"அண்ணி... இது இன்னா அண்ணி? இதை அவருக்கா..."

"ஆமாண்டி! நான்தான் ஊத்தறேன். தினம் ஊத்தறேன். முதலாளி வீட்டுல நசீமுன்னிசா பீபிக்கு அரிசி பொடைச்சிக் குடுத்துட்டு கூலிக்குப் பதிலா டின் பால் கேட்டு வாங்கியாந்தேன். நீ பட்டினி போட்டா நானும் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நெனச்சியா? அவன நான் வளத்தேன்டி! நாலு மாசமா நான் குடுத்த பால்லதான் அவன் உசுரு நிக்குது!"

அம்சவேணி வாயைத் திறந்தாள். புருஷன் தலையில் அடித்த சத்தியம் தடுத்தது. மூடிக்கொண்டாள். டின்னை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கொல்லைக்குப் போய்க் கவிழ்த்தாள். பால் கெட்டியாக, அவசரமே இல்லாமல், ஜலதாரையில் இறங்கியது.

"ஐயோ! பாருங்கடி இவள! தம்பி... டேய் தம்பி! உன் வாய்க்கு வச்சிருந்ததை சாக்கடையில கொட்டறாடா!"

பக்தவச்சலம் வந்தான். செண்பகமும் வந்தாள். பதினாறு வயசுப் பெண், தலையைப் பாதி பின்னிய நிலையில்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் அம்சவேணி புருஷனிடம். கண் அவனைக் கெஞ்சியது. "அண்ணி உங்க காப்பியில டின் பால் ஊத்தறாங்களாம். தினம்! உங்களுக்குத் தெரியுமா?"

"நான் இன்னாத்தக் கண்டேன்? குடுத்தாங்க, குடிச்சேன்." அவன் பார்வை ஜலதாரையிலேயே இருந்தது. "அதுக்காவ அக்காகிட்ட இன்னா பேச்சு இது? பெரியவங்க கையிலேர்ந்து புடுங்கிக் கொட்டறதா? காலைலயே பேஜார் பண்ணாத."

"நைனா சொல்றது சரிம்மா" என்றாள் செண்பகம். அழுதுகொண்டே சொன்னாள். "எனக்கு உன் நகை வேணாம். நைனாவ எளைக்க வச்சி சேக்கற கல்யாணம் எனக்கு வேணவே வேணாம். நீ ஏம்மா இப்படி ஆய்ட்ட? கொழாயடில உன்னப் பத்திப் பேசறத கேட்டா எனக்கு செத்துடலாம் போல இருக்குது!"

பெற்ற மகள் சொன்ன வார்த்தை! அம்சவேணி காலி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. நான்கு மாதமாக அவளுக்கு அழுகை வந்ததில்லை. எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அன்று மத்தியானமே ஜான் பாஷாவின் ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே பக்தவச்சலம் சாய்ந்து கிடந்தான். உடம்பு கொதித்தது. மூச்சில் அழுகிய பழ வாடை.

"சுண்ணாம்பு குழிகிட்ட அப்படியே ஒக்காந்துட்டாரும்மா. காலைப் பாருங்க" என்றார் ஜான் பாஷா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். கால் கணுக்கால் வரை கருத்திருந்தது. அவர் குதிரைக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டினார்.

காட்பாடியில் இறங்கி வேலூர் போய்ச் சேரும் வரை ரங்கம்மாள் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "தூசி எறங்கிடுச்சி... நெஞ்சுல எறங்கிடுச்சி..." என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார். மறுபடியும் அந்த நீல மருந்து. இந்தத் தடவை பச்சை, மஞ்சள் என்றெல்லாம் தாமதிக்கவில்லை. எடுத்த எடுப்பில் செங்கல்.

"யார் இவருக்கு இனிப்பு கொடுத்தது?" அவர் போட்ட சத்தத்தில் செண்பகம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நாலு மாசத்துக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பினேனே! நீரிழிவுக்காரனுக்கு இனிப்பு விஷம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். எடுத்தாலும் உயிருக்கு நான் ஜவாப்தாரி இல்லை. யாரம்மா கொடுத்தது? கேட்கிறேன் இல்லை?"

ரங்கம்மாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நாலு மாசம்... இனிப்பு... விஷம். அவள் தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர் ஐயா" என்றாள் அம்சவேணி. "வீட்டைப் பாத்துக்கறவ நான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

"இல்ல!" என்று வீறிட்டாள் ரங்கம்மாள். "இல்லங்க! அவ இல்ல! இந்தக் கைதான்! தினம் ரெண்டு கரண்டி... நாலு மாசம்... என் கையாலயே என் தம்பிக்கி... அடிப்பாவி வேணி, ஏன்டி ஒரு வார்த்த சொல்லல? நான் உன்ன என்னென்ன பேசினேன்! ஏன்டி வாய மூடிக்கிட்டு இருந்த?"

அம்சவேணி அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்குள்ளே எதுவோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. இப்போது அது வெளியே வந்தது.

"தொட்டித் தண்ணிய நாக்குல வச்சி எத்தினி நாள் பட்டைன்னு சொல்ற மனுஷன் நீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு கூடை கம்மியா கொட்டினாலும் உங்களுக்குத் தெரியும். காப்பியில ரெண்டு கரண்டி டின் பால் விழுந்தது... உங்களுக்கா தெரியல?"

பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

"சொல்லுங்க."

"தெரியும் வேணி... மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சிமா..."

"அக்கா ஆசையா குடுத்தா. வேணாம்னா ஏன்னு கேப்பா... இன்னா சொல்றது? அப்புறம்..." அவன் மூச்சு வாங்கியது. "இனிச்சிதுடி. நாலு மாசம் கசப்பு எப்படிடி குடிக்கறது? இனிச்சிது... குடிச்சிட்டேன்."

"இவங்க என்னைத் திட்டறப்ப எல்லாம் பக்கத்துல நின்னு அந்தக் காப்பியதான் குடிச்சீங்களா?"

அதற்குள் ஆளை உள்ளே தூக்கிப் போனார்கள்.

இரண்டு மணி நேரம். தாழ்வாரத்தில் மயக்க மருந்து வாடை வந்துகொண்டே இருந்தது. ரங்கம்மாள் எழுந்து முந்தானையை உதறினாள்.

"நான் போறேன் வேணி. எங்கனா போறேன். திமிரி ஊருல ஒரு சத்திரம் இருக்குது, அங்க ஒண்டிக்கறேன். அவன் பொழைச்சி எழுந்தா என் மூஞ்சில முழிக்கக் கூடாது."

"ஒக்காருங்க அண்ணி."

"எப்படிடி ஒக்காருவேன்!"

"நான் குடுத்த கசப்ப அவர் குடிக்கல. நீங்க குடுத்தா எதையும் குடிப்பாரு. இனிமே அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பிய நீங்கதான் குடுக்கணும். நீங்க போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ரங்கம்மாள் அப்படியே சரிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். அம்சவேணி அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். வயசில் மூத்தவள், குழந்தை போல ஏங்கி ஏங்கி அழுதாள். அப்போதும் அம்சவேணியின் கண் வறண்டுதான் இருந்தது.

கால் போயிற்று. உயிர் நின்றது. நீரிழிவுக்கான சீமை ஊசி மருந்து மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் காலை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அது எத்தனை நாள் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. செண்பகம் அம்மாவின் எதிரில் வருவதற்கே பயந்து கதவோரமாக நின்றாள்.

ஆறாம் நாள் காலை குடியாத்தம் மூர்த்தி வந்துவிட்டார். கையில் குடை, சாத்துக்குடிப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டு பதறிப் போய்ட்டேன் மேஸ்திரி. குழியில ஆணி கீணி குத்திடுச்சா?"

எவ்வளவு சுலபமான பொய்! அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். 'ஆமாம்' என்று தலையை ஆட்டினால் போதும்.

"சொல்றனேன்னு நெனைக்காதீங்க" என்று மூர்த்தியே தொடர்ந்தார். "ஊர்ல வேற ஒரு பேச்சும் காதுல விழுந்துது. வீட்டம்மா கை ரொம்ப இறுக்கம், புருஷனுக்கே காப்பித்தண்ணி சரியா குடுக்க மாட்டாங்கன்னு. அதுல எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கசப்பு. பொண்ணு அப்படி இருக்காதுன்னு நான்தான் சமாதானம் சொல்லி வச்சிருக்கேன்."

அம்சவேணி தலைகுனிந்து நின்றாள். இதுவும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சத்தியம் செய்தவள், காத்தாள். இனி அவன் பாடு.

பக்தவச்சலம் முழங்கையை ஊன்றி எழ முயன்றான். முடியவில்லை. படுத்தபடியே பேசினான்.

"ஆணி குத்தல. எனக்கு நீரிழிவு."

மூர்த்தியின் கை குடைப்பிடியில் இறுகியது.

"நாலு மாசமா தெரியும். உங்ககிட்ட மறைச்சேன். சொந்த அக்காகிட்ட, பெத்த பொண்ணுகிட்ட மறைச்சேன். இவளை சத்தியம் வாங்கி வாய அடைச்சேன். இவ காப்பில சர்க்கரைய கம்மி பண்ணது கஞ்சத்தனம் இல்லங்க, எனக்காவ. ஊரே இவளத் திட்டிச்சி. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். இனிப்புக்கு ஆசைப்பட்டு திருட்டுத்தனமா குடிச்சி கால வுட்டேன். இவ மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க ஊர்ல போய் சொல்றதா இருந்தா... இதையும் சேத்து சொல்லிடுங்க."

மூர்த்தி எழுந்தார். பையை ஜன்னலோரம் வைத்தார். "எங்க அண்ணனும் இதே மாதிரிதான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அம்சவேணியைப் பார்த்து ஒரு தரம் கை கூப்பினார். "வீட்டுல கலந்துகிட்டு சேதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

சேதி வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா..."

கதவோரத்திலிருந்து செண்பகம் ஓடிவந்து அம்சவேணியைக் கட்டிக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடும்மா... நான் உன்ன பேசினது... உன்ன..." மேலே பேச்சு வரவில்லை. ரங்கம்மாள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, "போச்சேடி... பொண்ணு வாழ்வு போச்சேடி..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்சவேணி மகளின் முகத்தை நிமிர்த்தினாள். நான்கு மாதமாக வராத அழுகை சட்டென்று வந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"போனா போவட்டும்டி" என்றாள் விம்மிக்கொண்டே. "அவர் சொல்லிட்டார்டி... எல்லார் எதிர்லயும்... அவர் வாயால சொல்லிட்டார்டி!"